பதினான்காம் வளைவுக்குப் பதினொரு நிமிடம்

எங்கள் மலையில் விளக்கு வெளிச்சம் படாதபோது எந்தப் பொருளும் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் பனி விலகாத ஊர் என்பதால் இது தொடக்கம் முதலே அப்படித்தான். கதிரவனைப் பற்றிப் பாடநூலில் படித்திருக்கிறோம், தேர்விலும் எழுதியிருக்கிறோம். கிணற்றுக்கு ஒரு குண்டுபல்பு, மாட்டுக்கு ஒரு குண்டுபல்பு என்று அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எரியவிட்டு வைத்துக்கொள்வோம். நான் முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய பள்ளியில் கூரைக்கு விளக்கு ஒதுக்கப்படவில்லை. மழைநாளில் பிள்ளைகள் குடையோடு அமர்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பதினான்காம் கொண்டை ஊசி வளைவில் இருந்த மின்கம்பம் மண்சரிவில் விழுந்தது. அந்த வளைவில் இருப்பது ஒரே வீடு. அன்று அந்த வீட்டில் என் அக்கா திலகவதி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளைப் பார்த்துப்போக வந்திருந்த மருத்துவச்சி சவரியம்மாளும் இருந்தார். அத்தான் வீட்டின் பின்புறம் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

நான் சொல்லவந்தது கம்பம் விழுந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆனபின் நடந்தது. காலையில் மலையிறங்கும் ஒரே வண்டியின் முகப்பு விளக்கு, பதினைந்தாம் வளைவைக் கடந்ததும் அந்த வீட்டின் மீது விழும். வண்டி வீட்டைத் தாண்டும் வரை மூன்று நிமிடம். மாலையில் ஏறும்போது விளக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும் என்பதால் அந்த வீட்டுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நாற்பத்திரண்டு ஆண்டுகளைப் பெருக்கிப் பார்த்தால் முப்பத்திரண்டு நாள் வருகிறது. ஆகவே அக்காவுக்கு அப்போதும் வயது இருபத்து நான்கு. வயிற்றில் ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. அவளுக்கு மூன்று வயது இளையவளான எனக்கு அறுபத்து மூன்று. பின்புறத்தில் எந்த வண்டியின் வெளிச்சமும் விழுவதில்லையாதலால் அத்தான் அந்த விறகை இன்னும் பிளந்து முடிக்கவில்லை.

புதிய கம்பம் வேண்டி ஆண்டுதோறும் விண்ணப்பித்தேன். கம்பம் நடுமுன் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று ஆண்டுதோறும் பதில் வந்தது. கையெழுத்து வாங்க வரும் பணியாளர் டார்ச் விளக்கோடு வருவார். டார்ச் வெளிச்சத்துக்கு அக்காவின் ஒரு கையும் கதவின் ஒரு பலகையும் மட்டுமே வரும். வந்தது வலக்கையாக இருந்தாலும் அதனிடம் பேனாவைக் கொடுத்து விளக்க, காது இல்லை. வண்டியை வீட்டின் எதிரே நிறுத்தவும் இயலாது. நின்ற வண்டியை ஊர் போய்ச் சேர்ந்த வண்டி என்று கருதிச் சாலை விலகிக்கொள்ளும். இரண்டு பால்வண்டிகள் அவ்வாறு போயின.

ஓய்வுபெற்றதும் நான் ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். ஊரின் பூண்டையும் காரட்டையும் கீழே சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி அது. ஓட்டுநர் மரியசூசை. நான் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து நாள்தோறும் இறங்குவேன். முதல் கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில், அக்கா வீட்டைக் கடப்போம்.

“அடியே அரசி, இப்பத்தான் நீலச் சேலையில போனே. அதுக்குள்ள பச்சையா? பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறியா, சேலை மாத்துறியா?” என்பாள் அக்கா, சன்னலில் நின்று.

“அக்கா, நான் ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு.”

“பொய் சொல்லாதடி. போன மாசந்தான் வேலைக்குச் சேந்தே. தலைக்கு என்னாத்தப் பூசியிருக்கே, இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“வண்டியில ஏறிடேன் அக்கா. மெதுவாத்தான போறோம்.”

“வயித்தத் தூக்கிட்டு ஓடுற வண்டியில ஏறவா? அவரு வெறகு பொளந்துட்டு வரட்டும். சேந்து வாரோம்.”

இதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடும்.

ஆனி மாதம் இரண்டாம் நாள் அக்காவுக்கு வலி எடுத்தது. சன்னலில் அவள் இல்லை. கூடத்தின் உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். திறந்த கதவு வழியே சவரியம்மாள் என்னிடம் கத்தினார். அவர் நாலே முக்கால் அடி உயரம். குரல் அதைவிட உயரம்.

“டீச்சரு, பிள்ளை குறுக்க கெடக்கு! கையால திருப்பணும். எட்டு நிமிசம் வேணும், ஒரே மூச்சா. பாதி திருப்புறதுக்குள்ள ஒன் வண்டி போயிருது. வெளிச்சம் போயிட்டு வர்றது எங்களுக்கு ஒரு தும்மல் மாதிரி. தும்முனா கை நழுவுது. கை நழுவுனா பிள்ளை பழையபடி குறுக்க போயிருது.”

“திருப்பலன்னா?”

“திருப்பலன்னா ரெண்டு உசுரும் இல்ல.”

மறுநாளும் அவர் பாதி திருப்பினார், வண்டி கடந்தது, பிள்ளை குறுக்கே போயிற்று. அதற்கடுத்த நாளும் அவ்வாறே. இருபத்தேழு நாள் நான் அதைப் பார்த்தேன். அக்காவின் கணக்கில் அது ஒரு மணி இருபத்தொரு நிமிடம். அவள் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

மூன்று நிமிடம் எட்டாக வேண்டுமானால் வெளிச்சம் பதினாறாம் வளைவிலிருந்தே, இடையிலுள்ள பள்ளத்தாக்கைத் தாண்டி, வீட்டின் மீது விழவேண்டும். பழைய மஞ்சள் விளக்குக்கு அந்த ஆற்றல் இல்லை. பெரியகுளத்தில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் சிக்கந்தரிடம் போனோம்.

“எச்.ஐ.டி. பல்பு போட்ருவோம் டீச்சர்மா. புரொஜெக்டர் லென்சோட. பள்ளத்தாக்கு என்ன, பக்கத்து ஜில்லாவுக்கே அடிக்கும்” என்றார் சிக்கந்தர்.

முகப்பு விளக்கின் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதை இளக்கிப் பிரிக்கச் சூடு வேண்டும். சிக்கந்தர் இரு விளக்குகளையும் பக்கத்து பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய், பன் வெந்து இறங்கிய அடுப்பில் பத்து நிமிடம் வைத்து எடுத்துவந்தார். உள்ளே இருந்த பழைய பிரதிபலிப்பானை அறுத்துவிட்டு, மாட்டுக் கண் போன்ற லென்சைப் பொருத்தினார். புது பல்பை எரியவைக்கும் பலாஸ்ட் என்னும் சிறு பெட்டியை இருபுறமும் திருகினார். பிறகு கடையின் கதவை இறக்கிவிட்டு, எதிர்ச்சுவரிலிருந்து இருபத்தைந்து அடியில் வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டார். முதல் சில நொடி நீலமாகத் தயங்கிவிட்டு, பிறகு வெள்ளையாக நிலைத்தது.

பழைய விளக்கின் ஒளி சுவரெங்கும் சிந்திக் கிடக்கும். இது அப்படியன்று. கீழே பளிச்சென்ற வெள்ளை, மேலே ஒன்றுமில்லை, இரண்டுக்கும் இடையில் கத்தியால் நறுக்கியது போன்ற ஒரு கோடு. எனக்கு அது பிடித்திருந்தது.

“இந்தக் கோடு எங்க நிக்கணும்?” என்று கேட்டேன்.

“லைட்டு உசரத்துக்கு ரெண்டு இஞ்ச் கீழ. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. எதுக்க வர்றவன் கண்ணு கூசக் கூடாதுல்ல? ஆனா மலைக்குப் போற வண்டிக்கு நாங்க அம்புட்டுப் பாக்குறதில்ல.”

“புத்தகத்துல இருக்கா, இல்லையா?”

“இருக்கு டீச்சர்மா.”

“அப்ப ரெண்டு அங்குலம் எறக்குங்க.”

என் கைப்பையில் எப்போதும் சுண்ணக்கட்டியும் அடிக்கோலும் உண்டு. நானே அளந்து சுவரில் கோடு போட்டேன். சிக்கந்தர் திருகைத் திருகித் திருகி ஒளியின் விளிம்பை அந்தக் கோட்டில் உட்காரவைத்தார். மயிரிழை பிசகவில்லை. இரவு வெகுநேரமாகிவிட்டதால் கீழேயே தங்கினோம்; மறுநாள் காலை வண்டி மலையிறங்காததால் பதினான்காம் வளைவுக்கு அந்த நாள் கிடையாது.

அதற்கு மறுநாள் பதினாறாம் வளைவில் திரும்பியதுமே வீடு தெரிந்தது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், சின்னதாக, சுவரின் ஒவ்வொரு கல்லும் எண்ணத் தக்கதாக. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டை நெருங்கிக் கடக்கும்வரை பதினொரு நிமிடம். எட்டுக்கு மேல் மூன்று மிச்சம்.

ஆனால் நெருங்க நெருங்க, வீடு கதவின் முக்கால் உயரம் வரைதான் இருந்தது. அதற்குமேல் பனி. கயிறு இருந்தது, அது கட்டப்பட்டிருந்த உத்தரம் இல்லை. கயிற்றை இறுகப் பற்றிய இரு முன்கைகள் மேலே போய் முடிந்துவிட்டன. அக்கா தோள்வரை இருந்தாள், அதற்குமேல் இல்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் உயரம். சவரியம்மாள் மட்டும் முழுமையாக, கொண்டை ஊசி உட்பட, இருந்தார்.

“என்னா டீச்சரு இது, வெளிச்சம் பன்னு வாசம் அடிக்குது!” என்றார். “நேரம் நெறைய இருக்கு, நல்லது. ஆனா இவ தலை எங்க?”

“கோட்டுக்கு மேல போயிருச்சு. தலை இல்லாம திருப்ப முடியாதா?”

“நான் மூச்ச அடக்குன்னா அடக்கணும், விடுன்னா விடணும். காது இருந்தாத்தான கேக்கும்? மூக்கு இருந்தாத்தான அடக்கும்?”

“வலி?”

“வலியே இல்ல. தலை இல்லல்ல! அதுக்காக இப்படியே விட முடியுமா?”

அக்காவின் வலக்கை கயிற்றை விட்டு இறங்கி வந்து, என்னை நோக்கி விரலை ஆட்டியது. அந்த விரலசைவை நான் பிறந்தது முதல் அறிவேன். நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன், அதை உடனே திருத்தவேண்டும் என்று அதற்குப் பொருள்.

சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு நேரே சிக்கந்தர் கடைக்குப் போனோம். சுவரில் என் கோடு அப்படியே இருந்தது. பணிக்காலத்தில் நான் கரும்பலகையில் போட்ட கோட்டை ஒருமுறையும் திருத்தியதில்லை, திருத்தவேண்டி வந்ததில்லை. சிக்கந்தர் துணியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார். அவரிடமிருந்து துணியை வாங்கி நானே அழித்தேன். அழித்த இடத்துக்கு நான்கு அங்குலம் மேலே புதுக்கோடு போட்டேன்.

“இவ்ளோ தூக்குனா பக்கத்துல இருக்கிற ரோட்டுல வெளிச்சம் விழாது டீச்சர்மா. வண்டி முன்னாடி பத்தடி இருக்காது” என்றார் சிக்கந்தர்.

நான் மரியசூசையைப் பார்த்தேன். அவருக்கு நான்கு பெண்கள். நால்வருக்கும் நான்தான் பின்னம் கற்றுக்கொடுத்தேன்.

“பத்தடிதான டீச்சரம்மா” என்றார் மரியசூசை. “அதுக்கு அங்கிட்டு ரோடு இருக்குல்ல?”

“இருக்கும்.”

“அப்பப் போவோம். போயிச் சேந்துக்கிட வேண்டியதுதான்.”

அடுத்த நாள் காலை பதினாறாம் வளைவில் திரும்பியபோது வீடு கூரையோடு தெரிந்தது. எங்கள் முன்சக்கரங்களுக்குக் கீழே எதுவும் இல்லை. பத்தடிக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று சாலை கிடந்தது. நாங்கள் அதைத் தொடும்போது அது அங்கே இருக்காது. அதற்கு அப்பாலுள்ளது இருக்கும். சாலை எங்களுக்குப் பத்தடி தாமதமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

“டீச்சரம்மா, ஸ்டியரிங் லேசா இருக்கு” என்றார் மரியசூசை.

“திரும்புதா?”

“திரும்புது.”

“அப்ப ஓட்டுங்க.”

நான் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி நிமிடங்களை உரக்க எண்ணினேன். பள்ளத்தாக்கு என் குரலை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒன்று. இரண்டு. சவரியம்மாளின் கைகள் அக்காவின் வயிற்றின் மீது இருந்தன. மூன்று என்றபோது முன்பெல்லாம் நழுவிய இடம் வந்தது. நழுவவில்லை. நான்கு. “அடக்கு!” என்றார் அவர். அக்காவின் தலை இருந்தது. அது பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கியது. ஐந்து. வண்டியின் இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. மரியசூசை சாலை இருந்திருக்க வேண்டிய பக்கம் திருப்பினார். ஆறு. “விடு! விட்டுத் தொலை!” ஏழு. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தவை அறுபது நொடிதான் என்பதற்கு என் கடிகாரமே சாட்சி. நான் அதை இன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை.

“எட்டு” என்றேன்.

“தலை கீழ வந்துருச்சு டீச்சரு!” என்றார் சவரியம்மாள். “இனி அவபாட்டுக்குப் பெத்துருவா!”

வண்டி அருகே வந்தபோது அக்கா வியர்வையோடு என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, இடையில ஒரு தடவை என் தலையைக் காணோம். நீ போட்ட கோடுதான?”

“ஆமாக்கா.”

“சின்ன வயசுலருந்தே நீ புஸ்தகத்தப் பாத்துத்தான் எதையும் செய்வே. ஆளப் பாக்க மாட்டே.”

  வண்டி கடந்தது.

அதன்பின் நாளுக்குப் பதினொரு நிமிடமாக வலி முன்னேறியது. ஜூலை முப்பத்தொன்றாம் நாள், பத்தாவது நிமிடத்தில், குழந்தையின் தலை வெளிவந்தது. பதினொன்றாவது நிமிடம் முடியும்போது இடுப்புவரை வந்திருந்தது. பெண் என்று அப்போது தெரியாது. அழுகை மட்டும் கேட்டது. ஆகஸ்டு முதல் நாள், முதல் நிமிடத்தில், கால்கள் வந்தன.

மீதிப் பத்து நிமிடத்தில் சவரியம்மாள் கொப்பூழ்க்கொடியை அறுத்து, குழந்தையைக் கழுவித் துணியில் சுற்றினார். அக்கா கேட்டாள்:

“இங்க இருந்தா இவளுக்கு ஒரு வயசு எப்பம் ஆகும்?”

அந்தக் கணக்கை நான் முந்தின நாளே போட்டிருந்தேன். “நூத்து முப்பத்தோரு வருஷம் ஆகும் அக்கா.”

“நீ இருக்க மாட்டே.”

“இருக்க மாட்டேன்.”

அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இருந்தது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதில் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சவரியம்மாளிடம் கொடுத்தாள். அவர் கதவைத் தாண்டி வந்து, ஊர்ந்துகொண்டிருந்த வண்டியின் சன்னல் வழியே என் மடியில் வைத்தார். வண்டியின் உள்விளக்கை மரியசூசை முன்னமே போட்டிருந்தார்.

“நாளைக்குப் பாலுக்குக் கொண்டா” என்றாள் அக்கா. “நான் அவரு வந்ததும் வாரேன்.”

அன்று முதல் நாள்தோறும் கொண்டுபோகிறேன். குழந்தையைப் பதினைந்தாம் வளைவுக்கு அப்பால் சவரியம்மாள் சாலையிலேயே வந்து வாங்கிக்கொள்வார். வீட்டைக் கடக்கும்போது திருப்பித் தருவார். “என்னாடி, நேத்துப் பிறந்த பிள்ளைக்கு அதுக்குள்ள பல்லு!” என்று ஒருநாள் அக்கா கடிந்துகொண்டாள். அவளுக்குப் பிள்ளை பெற்று இப்போது பதினான்காம் நாள் நடக்கிறது. பூண்டுக் குழம்பும் பத்தியமும்தான். பெயர் சூட்டுவது பதினாறாம் நாள் என்பது எங்கள் குடும்ப வழக்கமாதலால் குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை. அதற்கு ஏறத்தாழப் பத்து மாதம் இருக்கிறது. பாப்பா என்று அழைக்கிறோம். அவள் அம்மாவை ‘நீ’ என்றும் என்னை ‘நீங்க’ என்றும் பேசுகிறாள். வாய்ப்பாடு ஏழு வரை சொல்வாள்.

இந்த ஜூன் மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துச் சென்றேன். நான் பணியாற்றிய அதே பள்ளி. தலைமையாசிரியை புதியவர், விண்ணப்பத்தை இருமுறை படிக்கும் பழக்கம் உடையவர். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி.

“இதுல ரெண்டு பிறந்த தேதி போட்டிருக்கீங்களே டீச்சர்” என்றார்.

“இடுப்புக்கு மேல ஜூலை முப்பத்தொண்ணு. கால் ரெண்டும் ஆகஸ்டு ஒண்ணு. சான்றிதழ் இணைச்சிருக்கேன்.”

அவர் சான்றிதழையும் இருமுறை படித்தார்.

“அப்ப மேல் பாதிக்கு இந்த வருஷம் அட்மிஷன் போட்டுடலாம். கால் அடுத்த வருஷந்தான் வரணும். ஒரு நாள் கம்மியா இருந்தாலும் நான் சேர்த்துக்க முடியாது.”

“சேர்த்துக்கக் கூடாது” என்றேன்.

பாப்பாவுக்கு வாசலோரம் கடைசி இடம் தந்திருக்கிறார்கள். இடுப்புவரை வகுப்பறைக்குள் இருக்கும். கால்களைத் தாழ்வாரத்தில் நீட்டிக்கொள்வாள். வருகைப் பதிவின்போது கால்களைக் கணக்கில் எடுப்பதில்லை. வகுப்பில் எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லும்போது அவள் உட்கார்ந்தபடியே சொல்ல எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு கால்கள் ஒன்றாம் வகுப்பிலும் மற்றவை இரண்டாம் வகுப்பிலும் இருக்கும். அவை அடுத்தடுத்த அறைகள். இடையில் கதவு உண்டா என்று நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்டு. தாழ்ப்பாள்தான் சற்று இறுக்கம். தேங்காய் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.